சென்னை நடுவில் காசில்லாமல் பஸ்ஸில் போக: வெள்ளை போர்டும் மாறி ஏறும் கணக்கும்

என் அக்கா மகள் வேலைக்காகச் சென்னை வந்தாள். எழும்பூரில் ஹாஸ்டல், மயிலாப்பூரில் ஆபீஸ். முதல் வாரம் முழுக்க யாரோ சொன்ன ஒரு பஸ் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். கண்ணெதிரே பத்து பஸ் போகும், எதுவும் நேராக மயிலாப்பூர் போகாது என்பதால் ஏறமாட்டாள். நேரமாகிவிட்டால் ஆட்டோ. ஆட்டோவுக்கு எவ்வளவு போகிறது என்று வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தாள். "சித்தி, இங்க லேடீஸுக்கு பஸ் ஃப்ரீன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு மட்டும் அந்த பஸ் வரவே மாட்டேங்குது."

அவளுக்கு அன்று போனில் சொன்னதையும், பிறகு ஒரு சனிக்கிழமை கூடவே அழைத்துப்போய்க் காட்டியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சென்னைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு, ஊரிலிருந்து வரும் அம்மாக்களுக்கு, இத்தனை வருஷம் இங்கேயே இருந்தும் இலவச பஸ்ஸைச் சரியாகப் பயன்படுத்தாதவர்களுக்கு இது உதவும்.

முதலில் எது இலவசம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2021 மே 7ஆம் தேதி மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பொறுப்பேற்ற அன்றே கையெழுத்திட்ட 5 உத்தரவுகளில் ஒன்று இது, மறுநாளே நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் எல்லாப் பெண்களும் டிக்கெட் காசு கொடுக்காமல் போகலாம். பிறகு திருநங்கைகளையும், மாற்றுத்திறனாளிகளையும் அவர்களுடன் வரும் உதவியாளர் ஒருவரையும் சேர்த்தார்கள். 'விடியல் பயணம்' என்ற பெயர் பிறகு வந்தது. வருமான வரம்பு கிடையாது, வயது வரம்பு கிடையாது, பெண்கள் அடையாள அட்டை எதையும் காட்ட வேண்டியதில்லை. கர்நாடகத்தில் இதே மாதிரித் திட்டம் வந்தபோது அந்த மாநிலத்தில் வசிப்பதற்கான அட்டையைக் காட்டச் சொன்னார்கள். இங்கே நீங்கள் தஞ்சாவூரிலிருந்து வந்தாலும் பாட்னாவிலிருந்து வந்தாலும் ஏறி உட்காரலாம். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஆனால் எல்லா பஸ்ஸும் இலவசம் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். எம்.டி.சி. என்று நாம் சொல்லும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 3,000-க்கும் அதிகமான பஸ்களில் சாதாரணக் கட்டண பஸ் கிட்டத்தட்ட பாதி இருக்கும். மற்றவை எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி. அவற்றில் பெண்களும் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். இதில் குழப்பம் என்னவென்றால், ஒரே ரூட் நம்பரில் சாதாரண பஸ்ஸும் ஓடும், டீலக்ஸும் ஓடும். நம்பரை மட்டும் பார்த்து ஏறினால் மாட்டிக்கொள்வோம்.

நான் ஒரு முறை அப்படி ஏறியிருக்கிறேன். சைதாப்பேட்டையில் நல்ல மழை, தினமும் போகிற நம்பர் வந்தது, வேறு எதையும் பார்க்காமல் ஓடிப்போய் ஏறிவிட்டேன். "லேடீஸ் ஒண்ணு" என்று கையை நீட்டியபோது கண்டக்டர், "இது டீலக்ஸ்மா" என்றார். அவர் மேல் தப்பில்லை, பார்க்காமல் ஏறியது நான். காசைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினேன். இந்த நிலை உங்களுக்கு வந்தால் வாக்குவாதம் வேண்டாம். அவசரமில்லை என்றால் அடுத்த ஸ்டாப்புக்கு மட்டும் டிக்கெட் எடுத்து இறங்கி, பின்னால் வரும் சாதாரண பஸ்ஸைப் பிடியுங்கள்.

சரி, எப்படி அடையாளம் காண்பது? சென்னைக்காரர்கள் சாதாரண பஸ்ஸை இன்றும் 'வெள்ளை போர்டு' என்றுதான் சொல்வார்கள். ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் "இது ஒயிட் போர்டா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். 2022 ஆகஸ்டிலிருந்து பல சாதாரண பஸ்களுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் பிங்க் பெயின்ட் அடித்தார்கள், தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று. பிங்க் பஸ் வந்தால் யோசிக்காமல் ஏறலாம். ஆனால் பிங்க் இல்லாத சாதாரண பஸ்களும் ஓடுகின்றன, அவற்றை விட்டுவிடாதீர்கள். முன் கண்ணாடியில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று எழுதியோ ஒட்டியோ இருக்கிறதா பாருங்கள். பஸ் புதுசா பழசா, தாழ்தளமா என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சந்தேகம் இருந்தால் படியில் கால் வைக்கும்போதே "லேடீஸ் ஃப்ரீயா?" என்று கேட்டுவிடுங்கள், ஒரு வார்த்தைதான்.

ஏறியதும் டிக்கெட் வாங்க வேண்டும். இலவசம்தானே, எதற்கு டிக்கெட் என்று நிறையப் பேர் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சென்னையில் கண்டக்டர் பெரும்பாலும் தன் சீட்டிலேயே இருப்பார், நாம்தான் அவரிடம் சொல்ல வேண்டும். கூட்டமாக இருந்தால் முன்னால் நிற்கிறவரிடம் "லேடீஸ் ஒண்ணு, ராயப்பேட்டை" என்று சொன்னால் போதும். அந்தப் பேச்சு நாலு பேர் வாய் மாறிக் கண்டக்டருக்குப் போய், டிக்கெட் அதே நாலு கை மாறி உங்களிடம் வந்து சேரும். மெஷினிலிருந்து வரும் அந்தச் சின்னத் தாளில் தொகை இருக்கும் இடத்தில் பூஜ்யம் இருக்கும். என் அம்மா அதை நாலாக மடித்து வளையலுக்குள் செருகிக்கொள்வார், இறங்கும்வரை எடுக்கமாட்டார். செக்கிங் வந்தால் காட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான். டிக்கெட் இல்லாமல் பயணித்தால் 500 ரூபாய் அபராதம் என்று பஸ்ஸுக்குள்ளேயே எழுதியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள்.

டிக்கெட் வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். எத்தனை பெண்கள் போனார்கள் என்ற கணக்கு இந்த டிக்கெட்டில்தான் இருக்கிறது. நம் டிக்கெட் காசை அரசு மானியமாகப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. திட்டம் அறிவித்தபோதே ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று சொன்னார்கள். நீங்கள் டிக்கெட் வாங்காமல் இறங்கினால் அந்தப் பயணமே நடக்காத மாதிரி ஆகிவிடும், அந்த ரூட்டில் கூட்டமே இல்லை என்று நாளைக்கு யாராவது சொல்லவும் இடம் கொடுக்கும். அதனால் யாராவது 'ஓசி' என்று பேசினால் கூச்சப்படாமல் டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். இது நம் வரிப்பணம். மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்தபோது ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கண்டார்கள். வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அக்காவுக்கு 888 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட ஒரு கேஸ் சிலிண்டர் காசு.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்: மாறி ஏறுவது.

சென்னையில் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறினால் புது டிக்கெட் எடுக்க வேண்டும். சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஆணாக இருந்தால் மூன்று பஸ் மாறினால் மூன்று டிக்கெட் காசு, அதனால் நேர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் அவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பெண்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது. ஒரு பஸ்ஸில் போனாலும் பூஜ்யம், நாலு பஸ் மாறினாலும் பூஜ்யம். அப்படியிருக்க நேர் பஸ்ஸுக்காக ஏன் நிற்க வேண்டும்? நீங்கள் போகும் திசையில் ஒரு கிலோமீட்டர் போகிற வெள்ளை போர்டு வந்தாலும் ஏறுங்கள். பெரிய சந்திப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கே அடுத்த பஸ் சீக்கிரம் கிடைக்கும். வருஷக்கணக்காகச் சென்னையில் இருக்கும் என் தோழிகள் பலர்கூட இதை யோசித்ததில்லை, பழைய பழக்கத்தில் ஒரே நம்பருக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நம்பர்களை மனப்பாடம் செய்வதைவிட சாலைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. ஊருக்கு நடுவில் நாலைந்து சாலைகள்தான் முக்கியம். சென்ட்ரல் பக்கமிருந்து எல்.ஐ.சி., ஜெமினி, தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை என்று தெற்கே போகும் அண்ணா சாலை. சென்ட்ரலிலிருந்து எழும்பூரைத் தொட்டுக்கொண்டு கீழ்ப்பாக்கம், அமைந்தகரை, கோயம்பேடு என்று மேற்கே போகும் பூந்தமல்லி நெடுஞ்சாலை. பாரிமுனையிலிருந்து கோட்டை, அண்ணா சதுக்கம், கலங்கரை விளக்கம் என்று கடலோரமாக வரும் சாலை. அப்புறம் ஜெமினியிலிருந்து கதீட்ரல் சாலை, ராதாகிருஷ்ணன் சாலை என்று கிழக்கே கடற்கரைக்குப் போவது. இந்தச் சாலைகள் ஒன்றையொன்று எங்கே தொடுகின்றன என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். சென்ட்ரல், எழும்பூர், எல்.ஐ.சி., ஜெமினி, மயிலாப்பூரில் இருக்கும் லஸ், சைதாப்பேட்டை, தி.நகர் ஆகிய ஏழு இடங்கள் மனதில் நின்றுவிட்டால் நடு சென்னையில் எங்கேயிருந்தும் எங்கேயும் இரண்டு மூன்று பஸ்ஸில் போய்விடலாம்.

என் அக்கா மகளுக்குச் சொன்னது இதுதான். எழும்பூரில் அண்ணா சாலைப் பக்கம் போகிற எந்த வெள்ளை போர்டானாலும் ஏறு. ஸ்பென்சர், எல்.ஐ.சி. பக்கம் இறங்கு. அங்கே ராயப்பேட்டை வழியாக லஸ் போகிற பஸ் எது வந்தாலும் ஏறு. அவ்வளவுதான். நேர் பஸ் தானாக வந்தால் சந்தோஷம், வராவிட்டால் அதற்காக நிற்காதே. முதல் நாளே அரை மணி நேரத்துக்குள் ஆபீஸ் போய்விட்டேன் என்று மெசேஜ் அனுப்பினாள்.

ஆனால் ஒன்று. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் மயிலாப்பூர், ராயப்பேட்டை, பனகல் பார்க் என்று பல இடங்களில் சாலையைத் தடுத்து, பஸ்ஸைச் சுற்றிவிட்டு, ஸ்டாப்பை நகர்த்தியிருக்கிறார்கள். ஆறு மாதம் முன்பு நின்ற இடத்தில் இப்போது பஸ் நிற்காமல் போகலாம். ஸ்டாப்பில் பூ விற்கிறவர், டீக்கடைக்காரர், ஆவின் பூத்தில் இருப்பவர் யாரையாவது கேளுங்கள். எந்த ஆப்பைவிடவும் அவர்களுக்கு நிலவரம் நன்றாகத் தெரியும்.

ஆப் என்றதும் சொல்லிவிடுகிறேன். 'சென்னை பஸ்' என்று ஒரு ஆப் இருக்கிறது, பஸ் இப்போது எங்கே வருகிறது என்று காட்டும். 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' வந்தது, அதில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். இலவசமாகப் போகிறவர்களுக்கு அதில் பயன், பஸ் எப்போது வரும், எங்கே மாறலாம் என்று பார்ப்பதில்தான். பஸ் பத்து நிமிஷத்தில் வரும் என்று காட்டினால் அதை அப்படியே நம்பிக் கடைக்குள் போய்விடாதீர்கள், ஐந்து நிமிஷம் முன்னதாகவே ஸ்டாப்பில் இருங்கள்.

நம்பர் பற்றிச் சுருக்கமாக. எண்ணோடு வரும் எழுத்தைக் கவனியுங்கள். 29சி என்றால் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் ஓடுவது, எழுத்து மாறினால் வேறு பாதை. போர்டில் 'கட்' என்று இருந்தால் அந்த பஸ் கடைசிவரை போகாது, நடுவிலேயே திரும்பிவிடும். புதிதாக வந்தவர்கள் கட் சர்வீஸைப் பார்த்துப் பயப்படுவார்கள். நமக்கு அதில் நஷ்டமே இல்லை, பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும், அது திரும்பும் இடத்தில் இறங்கி அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம்.

குழந்தைகளோடு போகிற அம்மாக்கள் கவனிக்க: 5 வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம். அதற்கு மேல் பெண் குழந்தைக்கு உங்களைப் போலவே பூஜ்யம், பையனுக்கு 12 வயதுவரை அரை டிக்கெட் எடுக்க வேண்டும். அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிறான் என்பதால் ஏழு வயதுப் பையனுக்கு இலவசம் ஆகிவிடாது. பள்ளி மாணவர்களுக்குத் தனியாக இலவச பாஸ் உண்டு. ஜூன் மாதம் புது பாஸ் வரும்வரை சீருடையோடு ஏறினாலும் அனுமதிக்கச் சொல்லி ஒவ்வொரு ஆண்டும் உத்தரவு போடுகிறார்கள். பெரிய மூட்டை, பெட்டி இருந்தால் லக்கேஜுக்குக் காசு கேட்கலாம், இலவசம் நமக்குத்தான், மூட்டைக்கு இல்லை. காய்கறிப் பையை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகள் தங்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். உடன் வருகிறவருக்கும் தனியாக ஒரு டிக்கெட் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். ஆணாக இருந்தாலும் உதவியாளருக்கு இலவசம்தான், பலருக்கு இது தெரியாமல் காசு கொடுத்துவிடுகிறார்கள்.

அப்பாக்களுக்கு என்ன வழி என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். சென்னையில் வசிக்கும் 60 வயது தாண்டிய மூத்த குடிமக்களுக்கு, ஆண் பெண் இருவருக்கும், மாதம் 10 டோக்கன் தருகிறார்கள். 2016 பிப்ரவரியில் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. ஒரு பயணத்துக்கு ஒரு டோக்கன், ஏசி பஸ்ஸில் செல்லாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும், டிப்போக்களிலும் பஸ் நிலையங்களிலுமாக சுமார் 40 இடங்களில் கொடுக்க ஆரம்பிப்பார்கள். முதல் முறை போகிறவர்கள் ரேஷன் கார்டு, வயதுக்கு ஆதார் போன்ற ஒரு சான்று, இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துப்போனால் போதும், எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வரிசை நீளமாக இருக்கும். ஒரு வாரம் கழித்துக் காலையில் போனால் வயதானவர்கள் வெயிலில் நிற்க வேண்டியிருக்காது. என் பக்கத்து வீட்டுத் தாத்தா ஆறு மாத டோக்கனையும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு சட்டைப் பையில் வைத்திருப்பார். மாதத்துக்கு ஐந்து நாள் காலையில் கபாலீஸ்வரர் கோயில் போய் வருவதற்கு அது சரியாக இருக்கிறது என்பார்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். காலை எட்டிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து எட்டு, இந்த இரண்டு வேளையிலும் வெள்ளை போர்டு நிரம்பி வழியும். பெண்களுக்கான இருக்கைகள் இடது பக்கம் இருக்கும், முன்படி வழியாக ஏறினால் அங்கே போவது சுலபம். கூட்டத்தில் போனை வெளியில் எடுக்காதீர்கள், பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், மூட்டுவலி உள்ளவர்கள் முடிந்தால் பத்தரைக்குப் பிறகு கிளம்புங்கள், பாதி பஸ் காலியாக வரும். ஸ்டாப்பில் நிற்காமல் போனாலோ யாராவது மரியாதையில்லாமல் பேசினாலோ பஸ்ஸின் பதிவெண், ரூட் நம்பர், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு 149-க்கு போன் செய்து புகார் சொல்லலாம். பஸ்ஸுக்குள் யாராவது தொந்தரவு செய்தால் கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லுங்கள், அவசரமென்றால் 112, பெண்கள் உதவி எண் 181.

எப்போதும் இலவச பஸ்தான் என்று பிடிவாதமாக இருக்கவும் வேண்டாம். இரவு ஒன்பதரைக்கு மேல் ஆள் இல்லாத ஸ்டாப்பில் வெள்ளை போர்டுக்காக நிற்பதைவிட முதலில் வரும் டீலக்ஸிலோ மெட்ரோவிலோ போவது நல்லது. மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாய்தான். வாரத்தில் நாலைந்து நாள் காசு கொடுத்து எக்ஸ்பிரஸ், டீலக்ஸில் போக வேண்டியிருந்தால் 1,000 ரூபாய் மாத பாஸ் எடுப்பது லாபமா என்று ஒரு மாதச் செலவை எழுதிப் பாருங்கள்.

சென்னைக்கு வெளியே கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை எங்கே போனாலும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இதே இலவசம்தான். 2024 பட்ஜெட்டில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப் பகுதிகளுக்கும் அறிவித்தார்கள். ஊர்விட்டு ஊர் போகும் ரூட் பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் இது பொருந்தாது.

கடைசியாக, படித்ததோடு விட்டுவிடாமல் ஒரு சனிக்கிழமை பதினொரு மணிவாக்கில் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். எழும்பூரில் ஏறி அண்ணா சதுக்கத்தில் இறங்குங்கள். கடலைப் பார்த்துவிட்டு, கடற்கரைச் சாலையில் தெற்கே வரும் பஸ்ஸில் மயிலாப்பூர். கோயில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு காபி குடித்துவிட்டு, அங்கிருந்து தி.நகர். தி.நகர் பஸ் நிலையத்திலிருந்து மாம்பலம் ரயில் நிலையத்துக்கு 2023-இல் திறந்த ஆகாய நடைமேம்பாலம் இருக்கிறது, அதில் ஏறி நின்று ரங்கநாதன் தெருக் கூட்டத்தை மேலிருந்து பாருங்கள். பிறகு அண்ணா சாலை வழியாக எழும்பூர். எங்கள் சுற்றில் நாலு பஸ் ஆனது, நாலு பூஜ்ய டிக்கெட். அக்கா மகள் நாலையும் பர்ஸில் வைத்திருந்து, ஹாஸ்டல் வாசலில் எடுத்து எண்ணிக் காட்டினாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் என்னிடம் வழி கேட்பதில்லை.